பழைய டிராக்டர் வாங்கலாமா? – ஒரு டீசல் ஷெட்காரரின் அனுபவம்

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன் என்ன செய்வான்? வீட்டுக் கடன் பாக்கியிருந்தால் அடைப்பான். பென்ஷன் கணக்கில் விட்டுப்போன இன்கிரிமெண்டுக்காக மனு எழுதுவான். மாலையில் பூங்காவில் உட்கார்ந்து மற்ற ரயில்வேக்காரர்களிடம் தன் ஷெட்டின் பெருமையைச் சொல்வான். மூன்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்க மறுத்ததால், 2022-ஆம் ஆண்டு ஒரு பழைய ஜப்பானிய டிராக்டரை வாங்கினேன், பழுது பார்த்தேன், விற்றேன். நாசிக் வட்டாரத்தில் இருக்கும் நம் சங்க அன்பர்களில் சிலர் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். சிலரின் பிள்ளைகள் விவசாய இயந்திரத் தொழிலில் இறங்க நினைக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. டி.எம்.இ. முடித்துவிட்டு 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். டீசல் லோகோ ஷெட்டில் 37 ஆண்டுகள். 2019-ல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக வெளியே வந்தேன். நான் கையாண்ட டபிள்யு.டி.எம்.-2 இன்ஜினுக்கு 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ஒரு பிஸ்டனின் விட்டம் ஒன்பது அங்குலம். கவிழ்த்து வைத்தால் கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்கும். நான் வாங்கிய டிராக்டருக்கு மூன்றே சிலிண்டர், 24 குதிரைத்திறன். பிஸ்டன் காபி டம்ளரைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஆனால் காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சி எரிய வைக்கும் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. சுவாசம், எரிபொருள், குளிர்ச்சி, எண்ணெய் என்று நான்கையும் வரிசையாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அளவு ஒரு பொருட்டல்ல.

ஏன் இந்தச் சின்ன வண்டி?

நிபாட், பிம்பல்காவ், திண்டோரி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுக் கொடியைத் தலைக்கு மேலே பரப்புவார்கள். இங்கே பெரும்பாலும் ‘ஒய்’ எழுத்து வடிவில் இரும்புச் சட்டம் நட்டு, வரிசை வரிசையாகக் கொடியை ஏற்றுகிறார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே இடைவெளி எட்டு, ஒன்பது அடி. கொடி இருபுறமும் சரிந்து வந்த பிறகு மிஞ்சுவது ஒரு சந்துதான். 50 குதிரைத்திறன் வண்டி உள்ளே போனால் பழக்குலை மட்கார்டோடு வந்துவிடும். எனவே ‘சோட்டா டிராக்டர்’ என்று இவர்கள் அழைக்கும் குறுகலான, தாழ்வான வண்டிக்கு இங்கே எப்போதும் கிராக்கி.

இந்த வகை வண்டியின் பிறப்பிடம் ஜப்பான். அங்கே வயல்கள் சிறியவை, சேற்று உழவு. குபோட்டா நிறுவனம் 1890-ல் ஒசாகாவில் ஒரு வார்ப்படப் பட்டறையாகத் தொடங்கி, 1960-ல் தன் முதல் வயல் டிராக்டரைச் செய்தது. 1912-ல் தொடங்கிய யான்மர், 1933-ல் சிறிய டீசல் இன்ஜினை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இசெகி 1926-ல் பிறந்தது. நம் நாட்டில் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் சிறிய டிராக்டர்களைச் செய்து பழக்கப்படுத்தியது. பிறகு குபோட்டா இங்கே கிளை திறந்து, வண்டிகளை வெளியிலிருந்து முழுதாக இறக்குமதி செய்து விற்றது. குபோட்டாவோடு சேர்ந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 2022-ல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்று பெயர் மாறியது பலருக்கும் தெரிந்ததே.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘இறக்குமதியான பழைய டிராக்டர்’ என்றால் இரண்டு வகை. புதிதாக முறைப்படி வந்து, இங்கே உழைத்துப் பழசானது ஒன்று. ஜப்பானிலேயே உழைத்துப் பழசாகி, கப்பலேறி வேறு நாட்டுக்குப் போவது இன்னொன்று. இரண்டாம் வகை தென்கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமாக விற்றது. அமெரிக்காவில் இது ஒரு பெரிய வழக்காகவே ஆயிற்று. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட வண்டிகளில் எச்சரிக்கை வாசகங்கள் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்தன. உதிரி பாகம், சர்வீஸ் ஆகியவற்றிலும் வித்தியாசம் இருந்தது. குபோட்டாவின் புகாரின் பேரில் 1997-ல் அந்நாட்டின் சர்வதேச வர்த்தக ஆணையம் அத்தகைய வண்டிகளுக்குத் தடை விதித்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. நமக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளுக்கு உதிரி பாகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாடல் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு, உள்ளூர் டீலரிடம் போய் “இதற்குக் கிரௌன் பினியன் கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது முதல் வகை. 2011-ல் புதிதாக வந்து பதிவானது. அதன் பாகங்களின் பட்டியல் டீலரின் கம்ப்யூட்டரில் இருந்தது.

வாங்கும்போது பார்த்தவை

விற்றவர் பிம்பல்காவ் பக்கத்துப் பெரியவர். மகன்கள் பெரிய வண்டிக்கு மாறிவிட்டார்கள். சின்ன வண்டி தகரக் கொட்டகையில் எட்டு மாதமாக நின்றிருந்தது. அவர் சொன்ன விலை இரண்டு லட்சம்.

நான் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.” சூடான இன்ஜின் எல்லாக் குறைகளையும் மறைக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் சைலன்சர் மேல் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் விற்பவர் நேர்மையானவர் என்று தொடங்கலாம்.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் காஸ்கெட்டில் சந்தேகம். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பெட்டியின் எண்ணெயையும் விடக் கூடாது. இந்தச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கியர் பெட்டி எண்ணெயே பின்பக்க லிப்டையும் தூக்குகிறது. அதில் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து கெடும்.

ஸ்டார்ட் செய்தபோது மெதுவாகச் சுற்றியது. ஆறாவது முயற்சியில் வெள்ளைப் புகையோடு எழுந்தது. புகைக்கு ஒரு பாஷை உண்டு. குளிர்ந்த இன்ஜினில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால், எரியாத டீசல். சூடேறிய பின்னும் நிற்காமல் ஆவியாக வந்தால் தண்ணீர் எரிகிறது. நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். இந்த வண்டியில் ஐந்து நிமிடத்தில் வெள்ளை நின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தேன். உள்ளிருந்து காற்று குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். லேசான மூச்சுதான் வந்தது. இன்ஜினின் உயிர் கெட்டியாக இருக்கிறது, வாயிலில்தான் கோளாறு என்று எனக்குப் பட்டது.

அவர் மீட்டரில் 2,940 மணி. மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் வளையத்தின் வழவழப்பு, லிப்ட் கைகளின் துளைகள் நீண்டிருக்கும் அளவு, இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இங்கே சொன்னது.

குறை இருந்த இடம் முன் அச்சு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இது. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றே வேகமாக உருளும்படி அமைத்திருப்பார்கள். சேற்றில் அது இழுத்துக்கொடுக்கும். அதே நிலையில் தார் ரோட்டில் ஓட்டினால் டயர் வழுக்க இடமில்லாமல், அந்த இழுபறி முழுவதும் அச்சுக்குள் இருக்கும் பெவல் கியர்களின் மேல் விழும். முன் டயர்கள் மொட்டையாகவும் பின் டயர்கள் ஓரளவு நன்றாகவும் இருந்தால், அந்த வண்டியை லீவர் போட்டபடியே ரோட்டில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அறியலாம். இங்கே முன் டயர்களை அண்மையில் மாற்றியிருந்தார்கள். ஆனால் இடப்பக்கச் சக்கரத்தின் உள்புறம் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தது. ஜாக்கி கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் ‘கட்... கட்...’ என்று ஓர் ஓசை. பெரியவரிடம் அதைக் காட்டினேன். அவரும் குனிந்து கேட்டார். விலை 1,65,000 என்று முடிந்தது.

காகிதம்தான் முதல் உதிரி பாகம்

வண்டியைவிடக் காகிதத்துக்கு நான் அதிக நேரம் செலவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கடன் 2016-லேயே தீர்ந்துவிட்டது. ஆனால் அடமானப் பதிவை நீக்கவில்லை. இது கிராமத்தில் சர்வசாதாரணம். கடைசித் தவணை கட்டியதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கியிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்தப் பெயர் போகும். பிறகு 29, 30 எண் படிவங்கள் மூலம் பெயர் மாற்றம். வேறு மாநிலத்து வண்டியானால் 28-ஆம் எண் படிவத்தில் அங்கிருந்து தடையில்லாச் சான்றும் தேவை. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடமானம் நீங்க மட்டும் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

“கொஞ்ச நாளில் விற்கப் போகிற வண்டிதானே, எதற்கு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்? படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வாங்குகிறவன் பெயருக்கு நேராக மாற்றிவிடலாமே” என்று தரகர்கள் சொல்வார்கள். இதில் ஆபத்து பெரியவருக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொல்லி நஷ்டஈட்டுப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. நான் சோதனைக்கு ஓட்டும்போது யார் மேலாவது வண்டி ஏறினால், பிம்பல்காவில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஆகவே என் பெயருக்கு மாற்றி, இன்ஷூரன்ஸும் எடுத்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

பழுது பார்த்த கதை

நாசிக் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன். ஐ.டி.ஐ. படித்த உள்ளூர்ப் பையன் ஒருவன் உதவிக்கு வந்தான். என் மனைவி முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, “என்னங்க, முப்பத்தேழு வருஷம் அந்த டீசல் வாசனை போதாதா?” என்றாள். பதில் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு டம்ளரில் காபி வந்தது, எனக்கும் பையனுக்கும்.

திராட்சைத் தோட்டத்து வண்டிகளுக்கு என்று ஒரு நோய் உண்டு. அது மருந்தால் வருவது. கொடிக்கு அடிக்கும் கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் (1885-ல் பிரான்சில் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தார் மில்லார்டே என்ற விஞ்ஞானி) வண்டி மேல் பனியாகப் படிகின்றன. தாமிர உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்கு அடைத்திருந்தது. தண்ணீரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அதிக அழுத்தமில்லாமல் அடித்துக் கழுவ வேண்டும். கம்பி கொண்டு நோண்டினால் தகடு மடங்கிவிடும்.

மெதுவாகச் சுற்றிய ஸ்டார்ட்டருக்கும் காரணம் அந்த உப்புதான். எல்லோரும் உடனே பேட்டரியை மாற்றுவார்கள், அல்லது ஸ்டார்ட்டரைக் கழற்றுவார்கள். நான் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு பையனை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். 1.2 வோல்ட் காட்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் கேபிளின் போல்ட்டடியில் பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டி, புதுக் கேபிள் போட்டதும் ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றியது. பேட்டரிக்கும் வயதாகிவிட்டதால் அதையும் மாற்றினேன். ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை.

அடுத்தது ஹீட்டர் ப்ளக். இந்தச் சிறிய ஜப்பானிய இன்ஜின்களில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழுவதில்லை. பக்கத்தில் உள்ள சிறிய அறையில் எரியத் தொடங்கி, அங்கிருந்து சிலிண்டருக்குள் வருகிறது. சத்தம் குறைவு, புகை குறைவு. ஆனால் குளிர்ந்திருக்கும்போது அந்த அறையைச் சூடாக்கினால்தான் எரியும். மூன்று ப்ளக்கில் இரண்டு செத்திருந்தன. ஒரு நாஸில் பனியாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மூன்று நாஸில்களையும் பம்ப் கடையில் அழுத்தம் வைத்துச் சரி செய்து வாங்கினேன். டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துத் திருத்தினேன். கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்று சிலிண்டரும் முறையே 29, 28, 29 கிலோ காட்டின. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கவலை. எனவே இன்ஜினைப் பிரிக்கவில்லை. ஷெட்டில் என் மூத்தவர்கள் கற்றுக்கொடுத்தது இது: ஓடுகிற இன்ஜினைக் காரணமில்லாமல் திறக்காதே.

முன் அச்சைத் திறக்கக் காரணம் இருந்தது. இடப்பக்க ஆயில் சீல் கிழிந்து, தண்ணீர் உள்ளே போய், பேரிங்கில் துரு ஏறி, அந்தத் துரு பெவல் கியரின் பற்களைக் குழி குழியாகத் தின்றிருந்தது. கியர் ஜோடியை டீலர் மூலம் வரவழைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. ஆனால் பேரிங்குக்கும் சீலுக்கும் டீலரிடம் போக வேண்டியதில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் உலகம் முழுவதற்கும் பொது. உதாரணமாக, 6205 என்றால் உள் விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52, அகலம் 15. அது எந்த நாட்டு வண்டியில் இருந்தாலும் இதே அளவுதான். சீலுக்கும் இதுபோலவே உள், வெளி, அகலம் என்று மூன்று அளவு சொன்னால் போதும். நம் பேட்டைப் பேரிங் கடையில் நல்ல கம்பெனிச் சரக்கு கிடைத்துவிடும். கியரும் இன்ஜின் உள்பாகமும் அசல், மற்றவை அளவுப்படி என்பதே என் கணக்கு.

கிளட்ச் தட்டு மாற்றினேன். எல்லா எண்ணெயும் வடிகட்டியும் புதிது. பின் டயர் இரண்டும் புதிது. பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. கழுவித் துடைத்து, துருப்பிடித்த இடங்களில் மட்டும் தொட்டு வைத்தேன். பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், எங்கே எண்ணெய் கசிகிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. நானே வாங்கப் போனாலும் பளபளக்கும் பழைய வண்டியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு நாள் ப்ளோயர் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால்தான் மருந்து இலையின் அடிப்பக்கம் வரை போகும். முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓடியும் வெப்ப முள் நடுவைத் தாண்டவில்லை. லிப்டில் சுமையைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது அது தூக்கிய உயரத்திலேயே நின்றது.

விற்றது

தரகர் ஒருவர் ரூ.3,35,000 தருவதாக வந்தார். ஒரே நிபந்தனை: “மீட்டரை ஆயிரத்து எண்ணூறுக்குக் கொண்டு வாருங்கள், சார். ஆள் நான் அனுப்புகிறேன், அரை மணி நேர வேலை.” அவரை அனுப்பிவிட்டேன்.

வாங்கியவர் நிபாட் பக்கத்து இளைஞர். இரண்டு ஏக்கர் திராட்சை. தந்தை பக்கவாதத்தில் படுத்திருந்தார். இந்தப் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் ‘சாட்டணி’ என்று கொடியை வெட்டிவிடுவார்கள். அதிலிருந்து பிப்ரவரி, மார்ச் அறுவடை வரை கொடியைக் குழந்தை போலப் பார்க்க வேண்டும். மழை பெய்து இலை ஈரமாக இருந்தால் ‘டாவணி’ நோய் ஓரிரு நாளில் பரவிவிடும். அதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். முந்தைய ஆண்டு அவர் வாடகை டிராக்டரை நம்பியிருந்தார். மழை விட்டதும் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். இவர் முறை வர ஒன்றரை நாள் ஆயிற்று. பாதிப் பூங்கொத்துகள் கருகிவிட்டன. புதிய வண்டி ஐந்து லட்சத்தைத் தாண்டும். தாயாரின் தங்க ‘பாட்லி’ வளையல்களைப் பத்சன்ஸ்தாவில் அடகு வைத்து இரண்டரை லட்சம் கொண்டுவந்திருந்தார்.

அந்தப் பணத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் அச்சமாகவே இருந்தது. இந்த வண்டி அக்டோபரில் நின்றால் அந்த வீட்டில் வளையலும் திரும்பாது, பழமும் இருக்காது. ஒரு முழுத்தாளில் வண்டியின் குறைகளை எழுதிக் கொடுத்தேன். வலப்பக்க முன் கியர் பழையது, இடப்பக்கம் மட்டுமே புதிது. பி.டி.ஓ. தண்டின் பற்களில் தேய்மானம் உண்டு, மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். மீட்டர் 2,965 மணி. பதிவின் 15 ஆண்டு 2026-ல் முடியும், அப்போது புதுப்பிக்க வேண்டும். தார் ரோட்டில் ஏறும்போது முன் சக்கர லீவரை எடுத்துவிட வேண்டும். ஐந்து வரியையும் மராத்தியில் பையனைக் கொண்டு எழுதச் செய்து, படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “காகா, விற்கிறவர் இப்படிப் பேசினால் வாங்குகிறவன் பயப்பட மாட்டானா?” என்றார். “பயந்து வாங்குவது நல்லது” என்றேன். விலை ரூ.3,10,000. இரண்டரை லட்சம் அன்றே. மீதி அறுபதாயிரம் அறுவடைக்குப் பின். பெயர் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாமல் உடனே முடித்தோம்.

அக்டோபர் நடுவில் ஒரு விடியற்காலை நாலரை மணிக்குத் தொலைபேசி. இரவு முழுவதும் மழை. “காகா, ஸ்டார்ட் ஆகவில்லை. சத்தமே இல்லை!” குரலில் அழுகை. ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை. விளக்கு எரிகிறதா? பிரகாசமாக எரிகிறது. அப்படியானால் பேட்டரி சரி. ஸ்டார்ட்டருக்குக் கட்டளையே போகவில்லை. இந்த வண்டிகளில் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. பி.டி.ஓ. லீவர் போட்டபடி இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. பின்னால் நிற்பவர் கை தண்டில் சிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. “பி.டி.ஓ. லீவர் எங்கே இருக்கிறது பார்” என்றேன். ஒரு நிமிடம் மௌனம். பிறகு இன்ஜின் சத்தமே பதிலாகக் கேட்டது. மாலை வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது யாரோ லீவரைத் தட்டியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் இரண்டு ஏக்கருக்கும் மருந்து அடித்து முடித்துவிட்டதாகச் சொன்னார். 2023 மார்ச்சில் ஒரு பெட்டி திராட்சையும் அறுபதாயிரமும் வீட்டுக்கு வந்தன. வளையல்களை மீட்டுவிட்டதாக அவர் தாயார் என் மனைவியிடம் சொன்னாராம்.

கணக்கு

அன்பர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான் என்று தெரியும். வாங்கிய விலை 1,65,000. லாரிக்கும் காகிதத்துக்கும் 9,500. இன்ஜின் வேலை, எண்ணெய், வடிகட்டிகள் 21,400. முன் அச்சு 27,600. கிளட்ச் 8,900. பேட்டரி, வயரிங் 9,200. பின் டயர் 18,400. ரேடியேட்டர், லேத் வேலை, பையன் கூலி, கொட்டகை வாடகை 14,000. மொத்தம் 2,74,000. விற்றது 3,10,000. மிச்சம் 36,000 ரூபாய், நான்கு மாத உழைப்புக்கு. மாதம் ஒன்பதாயிரம் என்றால், இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. என் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்திருந்தால் இந்த முப்பத்தாறாயிரமும் அதற்குள் போயிருக்கும். பென்ஷன் வருகிறவனுக்கு இது பொழுதும் போக்கும், பெட்ரோலும் போடும். தொழிலாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏழெட்டு வண்டியாவது கைமாற்றினால்தான் கட்டுபடியாகும். அதற்கும் வாங்கும் காலம் முக்கியம். அறுவடை முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் வாங்கி, சாட்டணிக்கு முன் விற்க வேண்டும். செப்டம்பரில் வாங்கப் போனால் நீங்கள்தான் அதிக விலை கொடுப்பீர்கள்.

என்னிடம் உதவிக்கு இருந்த பையன் இப்போது ஓஜரில் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறான். மல்டிமீட்டர் இல்லாமல் ஸ்டார்ட்டரைக் கழற்றுவதில்லை என்று சொன்னான். எனக்கு அந்த முப்பத்தாறாயிரத்தைவிட அது பிடித்திருந்தது.

நம் சங்கத்தார் யாராவது பழைய டிராக்டர் பார்க்கப் போவதானால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வசதி. விற்கிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று.